திருகும் கல்லும்

2024 மார்ச்சிலிருந்து கொல்கத்தாவில் ரயில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடுகிறது. ஹவுரா மைதானத்தில் ஏறி எஸ்பிளனேடில் இறங்குகிறவர்கள் ஆற்றுக்குக் கீழே வரும் 520 மீட்டரை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். ஆற்றுப் படுகைக்கும் கீழே 13 மீட்டர் ஆழத்தில், 2017இல் துளைத்த இரட்டைச் சுரங்கம் அது. தொழிற்கூடத்தில் வார்த்து எடுத்துவந்த, 275 மி.மீ. தடிமனுள்ள கான்கிரீட் துண்டுகளை வளையம் வளையமாக அடுக்கி உள்சுவரை எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு வெளியே நனைந்த மண்ணும் ஆற்று நீரின் அழுத்தமும்.

திறப்பு விழாவின்போது எல்லோரும் ஆற்றைப் பற்றியே பேசினார்கள். ரயில் பெட்டியின் கண்ணாடி வழியே பார்க்கிறவர் கண்ணில் படுவது வேறு. வரிசை வரிசையாக மின்கம்பிகள், தீயணைப்புக் குழாய், சிக்னல் ஒயர்கள், விளக்குகள். இன்றைய எந்த மெட்ரோ சுரங்கத்திலும் இவையெல்லாம் சுவரில் பதித்த இரும்புத் தாங்கிகளின் மேல்தான் இருக்கின்றன. அந்தத் தாங்கிகளைப் பிடித்திருப்பவை கான்கிரீட்டில் விரல் ஆழத்துக்குப் போட்ட துளைகளும் அவற்றுக்குள் இறக்கிய எஃகுத் துண்டுகளும். கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இப்படித் துளைகள் உண்டு. கான்கிரீட் துண்டுகள் சேரும் ஓரங்களில்தான் நீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை இருப்பதால் அந்த இடங்களைத் தவிர்த்துவிட்டே துளையிட வேண்டும். ஒவ்வொரு ரயிலும் தனக்கு முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு தாங்கியும் அதிரும். ஒன்றுகூடத் தளர்ந்து தண்டவாளத்தில் விழக்கூடாது.

மரத்தில் திருகு ஏறுவது எல்லோருக்கும் புரிகிறது. நார் விலகி இடம் கொடுக்கும், திரும்ப நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் விலகாது, வளையாது; அழுத்தினால் நொறுங்கும், இழுத்தால் உடையும். அதற்குள் திருகு எப்படி நிற்கிறது?

வெகுகாலம் இதற்கு விடை, துளைக்குள் மிருதுவான எதையாவது அடைத்து, அதில் திருகை ஏற்றுவதுதான். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் மரக்கட்டையைச் செதுக்கி அடித்தார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தும் வேலை 1910களில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவரிடம் வந்தது. அவர் செய்த சிறு குழல்தான் இன்று கடைகளில் ராவல் பிளக் என்று கேட்டு வாங்கும் பொருளின் முன்னோர். முதலில் அது பிளாஸ்டிக்கில் வரவில்லை. சணல் இழைகளை விலங்கு ரத்தத்தால் ஒட்டிச் செய்தது. அந்தக் காலத்தில் உலகின் சணல் ஏறக்குறைய முழுவதும் வங்காளத்து வயல்களில் விளைந்தது. 1855இல் ரிஷ்ராவில் முதல் ஆலை வந்த பிறகு ஹூக்ளியின் இரு கரையும் சணல் ஆலைகளாக நிரம்பின. இங்கிலாந்துச் சுவர்களில் விளக்கு மாட்டக் காரணமாயிருந்த இழை இந்த ஆற்றங்கரையிலிருந்து கப்பலேறிப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு அந்தச் சின்னக் குழலின் மேல் தனி மதிப்பு வருகிறது. 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார்.

சணலோ நைலானோ, இவற்றின் பிடிமானம் உராய்வு. திருகு ஏற ஏற குழல் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. ஆங்கர் போல்ட் என்று விற்கும் இரும்பு வகையும் அதே தத்துவம்தான்: நட்டை முறுக்கினால் கூம்பு மேலே ஏறி உறையை விரிக்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாரம் தொங்குவதற்கு முன்பே கான்கிரீட் உள்ளிருந்து பிளக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஓரத்துக்குப் பக்கத்தில் போட்டால் முறுக்கும்போதே மூலை உடைந்து கையோடு வரும்.

இன்னொரு வழி பசை. துளையில் ரசாயனப் பிசினை ஊற்றிக் கம்பியை நட்டால் மிக உறுதியாக ஒட்டும். ஆனால் பிசின் தொடர்ந்து இழுபடும்போது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நீளக்கூடியது. 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரையின் கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். நீடித்த பாரத்துக்குப் பொருந்தாத, விரைவில் உறையும் எபாக்ஸியால் அவை தொங்கவிடப்பட்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. 2012 டிசம்பர் 2இல் ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் நூறு மீட்டருக்கும் மேலான கூரைப் பலகைகள் சரிந்து ஒன்பது பேர் இறந்தனர். அங்கேயும் பிசினில் நட்ட போல்ட்டுகள்தான். பசையே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எந்தப் பிசின், எவ்வளவு காலம், யார் திரும்ப ஏறிப் பார்க்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் மனிதர் தலைக்கு மேல் எதையும் தொங்கவிடக் கூடாது.

மூன்றாவது வழி ஸ்க்ரூ ஆங்கர். அது உராய்வையும் நம்புவதில்லை, பசையையும் நம்புவதில்லை. அது கான்கிரீட்டில் தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொள்கிறது. 10 மி.மீ. அளவுள்ள ஆங்கருக்கு 10 மி.மீ. பிட்டால் துளை போடுகிறோம். ஆங்கரின் தண்டு அதைவிடச் சற்று மெலிந்தது, தடையின்றி உள்ளே போகும். அதன் மரைகளோ வெளிவிட்டத்தில் சுமார் 12.5 மி.மீ. இருக்கும். ஆக, இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மரையின் விளிம்பு துளையின் சுவருக்குள் புதைகிறது. நுனியிலுள்ள முதல் சில மரைகளில் ரம்பம் போன்ற பற்கள் உண்டு. வெப்பத்தில் கடினமாக்கிய அந்தப் பற்கள் சுற்றச் சுற்ற, எதிரே வரும் சிமென்ட் பசையையும் மணலையும் ஜல்லியின் மேற்பரப்பையும் நொறுக்கி வழிசெய்கின்றன. பின்னால் வரும் மரைகள் அந்த வழியில் உட்கார்ந்துகொள்கின்றன. கடைசிச் சுற்று முடிந்த நொடியிலேயே பாரம் ஏற்றலாம். காய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளிருந்து பிளக்கும் விசையும் குறைவு, அதனால் ஓரத்துக்குக் கொஞ்சம் நெருங்கலாம்.

முழுப் பிடிமானமும் ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் பிட்டின் அளவு இவ்வளவு முக்கியமாகிறது. 10 மி.மீ. என்று எழுதியுள்ள பிட்டின் வெட்டுமுனை 10.45 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பியச் சான்றிதழ்கள் வரையறுக்கின்றன. துளை அதைவிட அகன்றுவிட்டால் மரை சுவருக்குள் புதைவது குறைந்துவிடும். கையில் இறுகியதுபோலத் தோன்றும், இழுத்தால் வரும். தேய்ந்த பிட்டில் இதற்கு நேர்மாறு. துளை ஒடுங்கியிருப்பதால் திருகு பாதியில் நின்றுவிடும். வலுக்கட்டாயமாக முறுக்கினால் தலை அறுந்து கையில் வரும், தண்டு சுவருக்குள்ளேயே தங்கிவிடும்.

சரியாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பலமாக இழுத்தால் எது உடையும்? பலரும் திருகு அறுந்துபோகும் என்பார்கள். ஆழம் குறைவான ஆங்கர்களில் பெரும்பாலும் எஃகு அப்படியே இருக்கும். அதன் அடிமுனையிலிருந்து மேல்நோக்கி விரிந்த ஒரு கூம்பு வடிவக் கான்கிரீட் கட்டி, ஆங்கரோடு சேர்ந்து பெயர்ந்து வரும். கூம்பின் சரிவு மேற்பரப்போடு ஏறத்தாழ 35 பாகை. ஆக, தாங்குவது இரும்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் உண்மையில் தாங்குவது கான்கிரீட்டின் இழுவலிமை, அதுவும் அதன் மிகப் பலவீனமான குணம்.

இந்தக் கூம்பைக் கணக்கிடும் முறையை 1995இல் ஃபுக்ஸ், எலிகெஹவுசன், பிரீன் ஆகிய மூவரும் வெளியிட்டார்கள். இன்றைய பல நாட்டு விதிகளுக்கும் அதுவே அடிப்படை. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆழத்தின் அடுக்கு. கூம்பின் பரப்பு ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. ஆழம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. அப்படியானால் வலிமையும் நான்கு மடங்காக வேண்டுமல்லவா? சோதனையில் அப்படி வருவதில்லை, 2.8 மடங்குதான் வருகிறது. விரிசல் கூம்பின் பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை என்பதே காரணம். அடிமுனையில் தொடங்கி ஜிப் திறப்பதுபோல மேலே ஓடுகிறது. கட்டி பெரிதாக இருந்தால், மேற்பரப்புக்குப் பக்கத்திலுள்ள கான்கிரீட் தன் பங்கைச் சுமக்கத் தொடங்கும் முன்பே அடியில் கை விட்டுப் போயிருக்கும். ஆகவே வலிமை ஆழத்தின் ஒன்றரை அடுக்குப்படி வளர்கிறது. முறிவியல் என்ற துறை கான்கிரீட்டைப் பற்றிச் சொல்லித்தந்த மிக அழகான விஷயங்களில் இதுவும் ஒன்று.

எண்களில் பார்ப்போம். எம்30 தரக் கான்கிரீட்டில், விரிசல் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, பயனுள்ள ஆழம் 50 மி.மீ. என்றால் கூம்பு பெயர 13.6 கிலோநியூட்டன், அதாவது சுமார் 1,400 கிலோ எடை வேண்டும். பாதுகாப்பு விகிதங்களைக் கழித்தால் 650 கிலோ வரை நம்பித் தொங்கவிடலாம். 100 மி.மீ. ஆழத்தில் கூம்பு பெயர 38.5 கிலோநியூட்டன் வேண்டும். ஆனால் இந்தப் பயனுள்ள ஆழம் துளையின் ஆழமில்லை. நுனியையும் மரையின் இடைவெளியையும் கழித்து வருவது. 65 மி.மீ. உள்ளே இறங்கிய திருகுக்குச் சுமார் 50தான் கணக்கில் சேரும். தவிர, கூம்பு முழுமையாக உருவாக இடம் வேண்டும். 50 மி.மீ. ஆழத்துக்கு ஓரத்திலிருந்து 75 மி.மீ., அடுத்த ஆங்கரிலிருந்து 150 மி.மீ. தள்ளியிருந்தால்தான் முழு வலிமை. நான்கு திருகுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு நாலு மடங்கு பலம் என்று நம்புகிறவர் ஒரே கூம்பை நாலு பேருக்குப் பங்கு வைத்திருக்கிறார்.

இந்தக் கணக்குகள் எல்லாம் கல் ஜல்லி போட்ட கான்கிரீட்டுக்கானவை. கொல்கத்தாவில் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

நகரம் முழுக்க வண்டல் மண்ணின் மேல் நிற்கிறது. அதற்கடியில் கிலோமீட்டர் கணக்கில் படிவு. தோண்டினால் களிமண்ணும் மணலும் வருமே தவிரப் பாறை வராது. பல்லாவரத்துக் கருங்கல்லைப் பார்த்து வளர்ந்த சென்னைக்காரருக்கு, ஒரு கைப்பிடி ஜல்லிக்குக்கூட வெளியூரை நம்ப வேண்டும் என்பது விசித்திரமாகத் தோன்றும். கொல்கத்தாவுக்குக் கருப்பு ஜல்லி பெருமளவில் ஜார்க்கண்டின் பாக்கூரிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான ராஜ்மஹால் மலைகளின் பசால்ட் அது. இந்தக் கல்லில் டிரில் பிட் மாட்டிக்கொண்டால் சத்தமே மாறிவிடும், கை அதிரும், துளை மெதுவாக இறங்கும். ஆனால் அதில் ஏறிய ஆங்கர் அசையாது.

ஜல்லி கிடைக்காத அல்லது விலை கட்டுப்படியாகாத காலங்களில் வங்காளம் செங்கல்லை உடைத்துப் போட்டது. அதிகம் வெந்து கறுத்த ஜாமா செங்கல்லைச் சுத்தியால் சின்னச் சின்னதாக உடைத்த அந்த ஜல்லிக்கு அங்கே கோயா என்று பெயர். பழைய வீடுகளின் அஸ்திவாரத்திலும் தளத்திலும் அது இருக்கிறது. மொட்டை மாடியில் கோயா, சுர்க்கி என்ற செங்கல் தூள், சுண்ணாம்பு சேர்த்து அடித்துக் கெட்டிப்படுத்திய ஜல்சாத் என்ற நீர்காப்பு அடுக்கு உண்டு. நம் மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. வட கொல்கத்தாவின் கூரைகளில் கட்டைகளின் மேல் குறுக்குச் சட்டம் வைத்து, அதன் மேல் செங்கல் ஓடு பரப்பி, மேலே சுண்ணாம்புக் கலவை. இப்படிப்பட்ட மாடித் தளத்தில் தண்ணீர்த் தொட்டியின் கால்களுக்கோ சோலார் பலகைக்கோ ஸ்க்ரூ ஆங்கர் போட்டால், அது கான்கிரீட்டைத் தொடாமலே சுண்ணாம்பில் நின்றுவிடும். மரை வெட்டிய வழியெல்லாம் தூளாகி, இரண்டு மழைக்குப் பிறகு கையால் உருவலாம். மேலே சொன்ன சூத்திரம் இங்கே செல்லாது. சான்றிதழில் எழுதியிருக்கும் கிலோநியூட்டன் எல்லாம் வேறொரு கல்லுக்குரியவை.

சுவர் எதனால் ஆனது என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. முதல் துளையிலிருந்து கொட்டும் தூளைக் கையில் ஏந்திப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பூச்சு. வெளிர் சாம்பலாக, மணல் நெறுநெறுப்போடு வரும். அது வலிமைக் கணக்கில் சேராது, ஆழத்தை அதற்குப் பின்னாலிருந்துதான் அளக்க வேண்டும். பிறகு செம்மண் நிறத்தில் வந்தால் செங்கல். வெள்ளையாக, மாவுபோல விரலில் ஒட்டினால் சுண்ணாம்புக் கலவை. அடர்ந்த சாம்பல் நிறத்தில் மாவும் கறுப்புத் துணுக்குகளும் கலந்து வந்தால் பாக்கூர் ஜல்லிக் கான்கிரீட். சாம்பலும் சிவப்பும் சேர்ந்து வந்தால் கோயா என்று சந்தேகப்பட வேண்டும். பிட் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பிலோ பொந்திலோ இறங்கியிருக்கிறது. உள்ளே போகாமல் உலோகச் சத்தத்தோடு கீச்சிட்டு, தூள் நின்றுபோனால் அது கம்பி. அங்கே வம்பு செய்யாமல், அந்தத் துளையைச் சுருங்காத சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டுத் தள்ளிப் போட வேண்டும். அனுபவமுள்ள மிஸ்திரி இதையெல்லாம் சொல்லமாட்டார், கை செய்துவிடும். புதிதாக வருகிற பையனுக்கு இதை யாராவது நின்று சொல்லித்தர வேண்டும்.

துளையின் ஆழம் திருகு இறங்கும் ஆழத்தைவிட ஒரு சென்டிமீட்டராவது அதிகம் இருக்க வேண்டும். திருகு வெட்டுகிற தூள் விழ அந்த இடம் தேவை. இடம் இல்லையென்றால் தூள் அடியில் கெட்டித்து, திருகு முட்டி நின்றுவிடும். பொருத்துகிறவர் இறுகிவிட்டது என்று எண்ணிக்கொள்வார், தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும். துளையை ஊதுபம்பால் சுத்தம் செய்து, தலை தாங்கியைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். இம்பாக்ட் ரெஞ்சில் அழுத்திக்கொண்டே இருந்தால் தலை நிற்கும், மரை சுற்றும். கான்கிரீட்டில் இவ்வளவு நேரம் வெட்டிய வழி முழுவதையும் ஒரே நொடியில் சீவி எடுத்துவிடும். அதன் பிறகு அந்தத் துளை எதற்கும் உதவாது.

வாயால் ஊதக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கான்கிரீட் தூளில் மணலின் குவார்ட்ஸ் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் கடைக்கோடி வரை போய்த் தங்கி, தழும்பாக்கி, மூச்சைப் பறிக்கும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. 2009இல் ஐலா புயல் வயல்களில் உப்புநீரைப் புகுத்திய பிறகு, வட 24 பர்கானாவின் மினாகான், சந்தேஷ்காளி பகுதிகளிலிருந்து இளைஞர்கள் ராணிகஞ்ச், ஆசன்சோல் பக்கம் கல் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பலர் இந்த நோயோடு திரும்பி, சின்ன வயதிலேயே இறந்தார்கள். ஒரு துளையின் தூள் அவர்கள் சுவாசித்ததற்கு ஈடாகாது என்றாலும், நாள் முழுக்கத் தலைக்கு மேல் துளையிடுகிறவரின் கணக்கு வேறு. தூளை உறிஞ்சும் டிரில்லும் ஒழுங்கான முகக்கவசமும் கூலிப் பேச்சிலேயே சேர வேண்டியவை.

இனி, திருகை இழுப்பது எது? வீட்டு ஏ.சி.யின் வெளி யூனிட் 35 கிலோ என்றால், இரண்டு தாங்கிகளின் மேல் திருகுகளுக்கும் வரும் இழுப்பு ஆளுக்குச் சுமார் 17 கிலோ எடை அளவுதான். நல்ல கான்கிரீட்டில் இது ஒன்றுமே இல்லை. விளம்பரப் பலகையின் கதை வேறு. 2020 மே 20இல் அம்பன் புயல் கொல்கத்தாவைக் கடந்தபோது டம்டம்மில் மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் காற்று வீசியது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 780 நியூட்டன். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரமுள்ள பலகையில் இது 480 கிலோ எடைக்குச் சமம். நம் காற்றுவிசை விதிநூல் கொல்கத்தாவுக்குக் குறித்துள்ள அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதில் அதே பலகையின் மேல் 900 கிலோவுக்கும் மேல் விழும். அதுவும் அசையாமல் நிற்கும் பாரமாக வருவதில்லை. தள்ளும், விடும், பின்னாலிருந்து இழுக்கும், மறுபடி தள்ளும். கைப்பிடிச் சுவரின் ஓரத்தில், பூச்சுக்குள் பாதி நிற்கும் நாலு திருகுகளுக்கு அது போதும்.

அதிர்வோடு விரிசலும் சேரும். எந்தக் கான்கிரீட்டும் பாரத்தில் நூலிழை விரிசல் விடும். அது துளையின் வழியாகவே போவதை எதிர்பார்க்க வேண்டும், ஏனென்றால் துளையிட்ட இடத்தில்தான் விசை குவிகிறது. விரிசல் திறந்தால் உராய்வை நம்பிய ஆங்கர் தளரும். சோதனைக்கூடத்தில் ஆங்கரைப் பாரத்தோடு விட்டுவிட்டு, விரிசலை 0.3 மி.மீ. வரை ஆயிரம் முறை திறந்து மூடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் புதைந்த மரை இதில் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் சுரங்கங்களிலும் நிலநடுக்கப் பகுதிகளிலும் இந்தத் திருகை விரும்புவதற்குக் காரணம்.

அதன் எதிரி ஈரம். கல்லை வெட்டும் அளவுக்குக் கடினமாக்கிய எஃகு, அந்தக் கடினத்தாலேயே நொறுங்கும் இயல்பையும் பெறுகிறது. வங்காளத்து மழைக்காலம் போன்ற ஈரத்தில் துத்தநாகப் பூச்சு கரைந்து துரு பிடிக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்துகொள்கின்றன; தலைக்குக் கீழே ஒரு நாள் எச்சரிக்கையின்றி முறிந்துபோகும். மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள வகை வீட்டுக்குள், உலர்ந்த இடத்துக்கு மட்டுமே. வெளிச்சுவருக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். அந்த எஃகு மென்மையானது, கான்கிரீட்டை வெட்டாது. அதனால் அதன் நுனியில் மட்டும் கடின எஃகை இணைத்துச் செய்கிறார்கள். விலை பல மடங்கு. ஊர் முழுக்க துத்தநாகப் பூச்சுத் திருகுகள் வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கு அந்த விலைதான் காரணம்.

தற்காலிக வேலைக்கு இந்தத் திருகு மிகவும் வசதியானது. கட்டுமானச் சாரத்தின் முட்டுகளையும் திருவிழாக் காலச் சட்டங்களையும் பூட்டலாம், வேலை முடிந்ததும் கழற்றலாம். ஆனால் கழற்றியதை அதே துளையில் திரும்ப ஏற்றினால், பழைய வழி விட்டு மரை குறுக்கே புதுவழி வெட்டி இரண்டையும் கெடுக்கும். புதுத் துளையில் போடலாம்; ஒவ்வொரு முறையும் பாக்கூர்க் கல்லும் மணலும் மரையின் விளிம்பைக் கொஞ்சம் தின்றிருக்கும் என்பதால் அளந்து பார்த்துவிட்டுப் போட வேண்டும். மறுபயன்பாட்டுக்கு அனுமதி உள்ள வகைகளுக்கு ஓர் அளவுக்குழல் தருகிறார்கள். திருகை அதற்குள் விட்டுப் பார்க்க வேண்டும். மரை குழலின் வாயில் தட்டி நின்றால் இன்னொரு முறை பயன்படுத்தலாம். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டால் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.